எல்லாரும் ஜீப் என்ற கார்

1. சிதம்பரத்திலிருந்த பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி போயிற்று.
2. சிதம்பரத்திலிருந்த பெரியம்மாவுக்குச் சர்க்கரை நோயால் பாதங்களில் உணர்ச்சி போயிற்று.
3. அம்மாவின் முழங்கால்கள் இரண்டும் தேய்ந்துபோயின.
4. அம்மாவைச் சிதம்பரத்துக்கு அழைத்துப் போவதற்காக ஒரு சின்ன ஜப்பான் கார் வாங்கினோம்.
5. அதன் தோற்றத்தைப் பார்த்து எல்லாரும் அதை ஜீப் என்றார்கள்.
6. ஒரு மழைக்காலத்தில் மாமா அதைத் தண்ணீரில் இறக்கினார்.
7. நல்ல மனசுக்காரர்கள் பலர் சேர்ந்து அதைத் தள்ளினார்கள்.

கடலூரில் ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஒரு பம்ப் நின்றுபோனால் நாங்கள் இப்படித்தான் எழுதுவோம்: எது முதலில் நடந்தது, எது அடுத்து. வரிசையாக எழுதிப் பார்த்தால் எந்த இடத்தில் தடுத்திருக்கலாம் என்பது தெரிந்துவிடும். இந்த ஏழு வரிகளையும் பலமுறை எழுதிப் பார்த்துவிட்டேன். ஒவ்வொன்றும் அதற்கு முந்தையதிலிருந்து ஒழுங்காகவே வருகிறது.

2004 முதல் நான்கு வருடம் நான் சிதம்பரத்தில் பெரியம்மா வீட்டில் தங்கி மெக்கானிக்கல் படித்தேன். அப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். அம்மா மஞ்சக்குப்பத்தில் தனியாக இருந்தாள். பெரியம்மா வீட்டில் அவள், அவளுடைய மருமகள், நான். மகன் வெளிநாட்டில் வேலையில் இருந்தார். மருமகளை நான் அண்ணி என்பேன்.

ஒருநாள் பெரியம்மா கடைத்தெருவிலிருந்து ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தாள். அண்ணிதான் பார்த்தாள்.

"இன்னொரு செருப்பு எங்க அத்தை?"

பெரியம்மா குனிந்து பார்த்தாள். கண்ணும் அப்போதே மங்கல். இரண்டு காலையும் மாற்றி மாற்றித் தரையில் தட்டிப் பார்த்தாள்.

"கழண்டது தெரியலியேடி. நல்ல வெயிலு வேற. சுடவும் இல்ல" என்று சிரித்தாள்.

நாங்களும் சிரித்தோம். உள்ளங்காலில் கொப்புளம் வந்த பிறகுதான் டாக்டரிடம் போனோம். இனி வலி தெரியாது, அதனால் கண்ணால்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் அவர். உள்ளங்கால், குதிகால், விரல் இடுக்கு எல்லாவற்றையும் யாராவது வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சின்னப் புண்ணாக இருக்கும்போதே கண்டுபிடித்துவிட்டால் கால் தப்பிக்கும்.

அன்று சாயங்காலமே அண்ணி முக்காலியைக் கொண்டுவந்து போட்டாள். பெரியம்மா இரண்டு பாதங்களையும் புடவைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"வூட்டுக்கு வந்த பொண்ணு என் காலப் புடிக்கிறதா? போடி அந்தாண்ட."

"டாக்டர் சொன்னாரு அத்தை."

"டாக்டருக்கு மருமவ இல்ல போல."

நான் பார்க்கட்டுமா என்று கேட்டேன். கல்யாணம் ஆக வேண்டிய பெண், நான் தொடவே கூடாது என்றாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். "என் தங்கச்சி வரட்டும். தீவாளிக்குத் தீவாளி என் கால்ல வுழுந்து காசு புடுங்கினவதான அவ. அவளுக்குத் தெரியாத காலா இது?"

அப்படித்தான் அம்மா ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு கடலூரிலிருந்து பஸ் ஏறி வரத் தொடங்கினாள். நாற்காலியில் உட்கார்ந்து அக்காவின் பாதத்தைத் தூக்கி மடியில் வைத்துக்கொள்வாள். டார்ச் அடித்து ஒவ்வொரு விரலாகப் பிரித்துப் பார்ப்பாள். அதோடு சண்டையும் நடக்கும்.

"செருப்பு போட்டுக்கினுதான வூட்டுக்குள்ள நடக்கற?"

"போட்டுக்கினுதான் நடக்கறேன்."

"பொய் சொல்லாத. குதிகாலெல்லாம் மண்ணு."

"நீ இன்னா போலீசா? பார்த்துட்டு மூடு."

ஒரு முறை சுண்டுவிரலுக்கு அடியில் வளையல் துண்டு ஒன்று ஏறியிருந்தது. பெரியம்மாவுக்கு அது தெரியவே இல்லை. அம்மா எடுத்தாள், மருந்து வைத்தாள், ஆறிவிட்டது. முறை வேலை செய்தது என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

நான் படிப்பு முடித்து கடலூருக்கு வேலைக்கு வந்தபோது அம்மாவின் முழங்கால் பஸ்ஸுக்கு ஆகாததாகிவிட்டது. படியில் ஏற்ற ஒருவர் கையைப் பிடித்து இழுக்க வேண்டும், இன்னொருவர் பின்னாலிருந்து தள்ள வேண்டும். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் அவள் ஏணியிலிருந்து இறங்குவதுபோலப் பின்பக்கமாக இறங்குவாள், ஏறக் காத்திருக்கும் கூட்டம் முதுகில் இடித்துக்கொண்டிருக்கும். வாடகைக் கார் வைத்துப் பார்த்தோம். அதன் சீட் தாழ்வு. உட்கார முடிந்தது, எழுந்திருக்க முடியவில்லை. டிரைவர் இரண்டு கையையும் பிடித்து இழுத்ததில் தோளில் ரத்தம் கட்டிக்கொண்டது. பெரிய வண்டி ஒன்றையும் பார்த்தோம். அதற்குக் காலைத் தூக்கி ஏற வேண்டும்.

அம்மா வீட்டில் தன் கட்டிலிலிருந்து மட்டும் யார் உதவியும் இல்லாமல் எழுந்திருப்பாள். கட்டிலின் உயரத்தை டேப்பால் அளந்துகொண்டேன். பிறகு அந்த டேப்போடு பழைய கார் விற்கும் இடங்களுக்குப் போனேன்.

பாண்டிச்சேரியில் ஒரு புரோக்கர் கொஞ்ச நேரம் என்னையே பார்த்துவிட்டுக் கேட்டார். "எல்லாரும் மைலேஜ் கேப்பாங்க மேடம். நீங்க சீட்டப் போயி அளக்கறீங்க?"

"எங்கம்மா உக்காரணும்."

"அம்மா உக்காரணும்னா சோபா வாங்குங்க மேடம், சீப்பா முடியும்" என்றார். ஆனால் ஷெட்டின் பின்னால் நின்ற அந்தக் காரைக் காட்டியதும் அவர்தான்.

ஜப்பான் கம்பெனி ஒன்று நம் ஊரில் கொஞ்ச காலம் விற்றுவிட்டு நிறுத்திய மாடல். மிகச் சின்னக் கார். நீளத்தில் எங்கள் வாசலில் இரண்டு ஸ்கூட்டர் நிற்கும் இடம் அதற்குப் போதும். ஆனால் காட்டுக்குள் போகிற வண்டிபோல வேஷம் போட்டிருந்தது. சக்கரங்களுக்கு மேலும் கதவுகளுக்குக் கீழும் தடித்த கறுப்பு பிளாஸ்டிக். கூரையில் இரண்டு கம்பிகள். முன்பக்கம் அடியில் வெள்ளி நிறத்தில் ஒரு தகடு, அதுவும் பிளாஸ்டிக்தான். இந்த வேஷத்துக்காகக் கம்பெனிக்காரர்கள் சீட்டைக் கொஞ்சம் உயர்த்தியிருந்தார்கள். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். டேப்பை வைத்தேன். கட்டிலின் அதே உயரம்.

முதல் நாள் அம்மா கதவுக்கு முதுகைக் காட்டி நின்றாள். அப்படியே உட்கார்ந்தாள். இரண்டு காலையும் ஒன்றாக உள்ளே திருப்பிக்கொண்டாள்.

"அவ்ளோதானா?" என்றாள்.

"அவ்ளோதான்மா."

இறங்கி, மறுபடியும் ஏறி உட்கார்ந்து பார்த்தாள்.

கோயிலில் பூஜை போட்டோம். சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தவர்தான் முதலில் அந்தப் பெயரைச் சொன்னார்: "ஜீப்ப மெதுவா முன்னால எடும்மா." அடுத்து எங்கள் தெரு. அதற்கும் அடுத்து மாமா. அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் ஒரே தம்பி, நெல்லிக்குப்பம் பக்கத்தில் கரும்பு போட்டிருந்தார். வண்டியைச் சுற்றி வந்து டயரை உதைத்துப் பார்த்தார்.

"சின்னதா இருந்தாலும் ஜீப்பு ஜீப்புதான் பாப்பா."

"ஜீப் இல்ல மாமா. முன்சக்கரம் ரெண்டுக்குத்தான் இழுப்பு. மத்த சின்னக் காரு மாரிதான்." வெள்ளித் தகட்டை விரலால் தட்டிக் காட்டினேன். "இது பிளாஸ்டிக்."

"உள்ள இரும்பு இருக்கும்."

"உள்ள காத்துதான் மாமா இருக்குது."

"படிச்ச பொண்ணு, அப்படித்தான் சொல்லும்" என்று அம்மாவைப் பார்த்துச் சிரித்தார். அம்மாவும் சிரித்தாள்.

அவருக்கு அதன்மேல் ஒரு பெருமை. ஊரில் டிராக்டர் வைத்திருப்பவர்களிடம்கூட "எங்கக்கா வூட்டு ஜீப்பு" என்று சொல்லிவைத்திருந்தார். எனக்கு லீவு கிடைக்காத ஞாயிறுகளில் அவர்தான் அம்மாவை அழைத்துப் போவார். நன்றாக ஓட்டுவார். அதில் ஒரு குறையும் சொல்ல முடியாது.

இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலாக இப்படி ஓடியது. சிதம்பரம் போய்ச் சேர்ந்ததும் அம்மா தானாகக் கதவைத் திறந்து தானாக இறங்குவாள். பெரியம்மா வாசலில் உட்கார்ந்தபடி சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவாள்: "ஜீப்பு வந்துடுச்சி."

அந்த வருடம் மழை விடாமல் பெய்தது. ஒரு ஞாயிறு போக முடியவில்லை. அடுத்த முறையும் முடியவில்லை. பிறகு ஒரு காலை அண்ணி போன் செய்தாள். பெரியம்மாவுக்குக் காய்ச்சல், எழுந்து நடக்கவில்லை, காலைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டு காட்ட மாட்டேன் என்கிறாள்.

"வெறும் சளின்னு சொல்றாங்க. சின்னத்தை வந்தாதான் உண்டு" என்றாள் அண்ணி.

நான் ஆலையில் இருந்தேன். பம்ப் அறைக்குள் மழைத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது, யாரையும் வெளியே விடவில்லை. மாமாவைக் கூப்பிட்டேன்.

"மெயின் ரோட்லயே போங்க மாமா. தண்ணி நின்னா திரும்பி வந்துடுங்க."

"நான் இன்னா நேத்து பொறந்தவனா? உங்கம்மாவக் கொண்டும்போயி வுட்டுட்டு உனக்குப் போன் பண்றேன்."

ஆலப்பாக்கம் தாண்டி மெயின் ரோட்டில் பஸ்களெல்லாம் வரிசையாக நின்றன. முன்னால் தண்ணீர். இதிலிருந்து நான் எழுதுவது அம்மா சொல்லிக் கேட்டது. டீக்கடையில் நின்றவர்கள் ஊர் வழியாக ஒரு சாலை போகிறது, தரைப்பாலத்தில் மட்டும் கணுக்கால் அளவுத் தண்ணீர் என்றார்கள். ஒருவர் குனிந்து வண்டியைப் பார்த்திருக்கிறார்.

"ஜீப்புதான, போவும் போ."

மாமா அம்மாவைப் பார்த்தார். "இன்னாக்கா செய்யலாம்?"

"போடா தம்பி. அக்கா காத்துக்கினு இருப்பா" என்றாள் அம்மா.

அந்தக் காரில் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாயின் வாய் முன் விளக்குக்குப் பின்னால், முழங்கால் உயரத்தில் இருக்கிறது. எல்லாச் சின்னக் கார்களிலும் ஏறக்குறைய அங்கேதான் இருக்கும். வெளியே போட்ட வேஷம் உள்ளே எதையும் மாற்றவில்லை. பாலத்தின் நடுவில் தண்ணீர் கணுக்கால் அளவு இல்லை. வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

மாமா என்னைக் கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் பாதிதான் கேட்டது.

"பாப்பா, வண்டி நின்னுபோச்சு."

"தண்ணி எதுவரைக்கும் மாமா?"

"லைட்டு வரைக்கும்."

"சாவியத் தொடாதீங்க. திருப்பவே திருப்பாதீங்க. டிராக்டர் யாராவது வச்சிருந்தா கட்டி இழுக்கச் சொல்லி..."

லைன் போய்விட்டது. மறுபடியும் கிடைக்கவில்லை. எஞ்சினுக்குள் தண்ணீர் போயிருந்தால் அதைச் சுழலவிடக் கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. உள்ளே இரும்புதான் வளையும். பம்ப் அறையிலிருந்து தண்ணீரை வெளியே இறைத்துக்கொண்டு இதையே நினைத்துக்கொண்டிருந்தேன். சாவியைத் தொடாமல் இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பாலத்தின் இரண்டு பக்கத்திலிருந்தும் ஆட்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்கள். யாரும் கூப்பிடவில்லை, தாங்களாகவே வந்தார்கள். அம்மாவின் காலடியில் தண்ணீர் ஏறியிருந்தது.

"நான் இறங்கிக்கிறேன்பா" என்றாள்.

"இந்தத் தண்ணில எங்க இறங்குவ? உக்காரும்மா. உன்னையும் சேத்தே தள்ளுறோம்."

அக்கரை மேட்டுக்குத் தள்ளிக் கொண்டுபோனார்கள். வண்டி தண்ணீரைவிட்டு வெளியே வந்துவிட்டது. அத்துடன் விட்டிருந்தால் நான் அதைத் திரும்ப ஓட வைத்திருப்பேன். ஆனால் எங்கள் பக்கத்தில் நின்றுபோன வண்டியை யாரும் அப்படி விட்டுவிட்டுப் போவதில்லை. அது புறப்பட்டுப் போகும்வரை தள்ளுவார்கள். அதுதான் மரியாதை.

"செகண்ட் கியரப் போட்டு க்ளட்ச்ச வுடு, புடிச்சுக்கும்" என்றார் ஒருவர். ஓட்டமாகத் தள்ளினார்கள். மாமா க்ளட்சை விட்டார். சாவி செய்திருக்கும் வேலையைச் சக்கரங்கள் செய்தன, எஞ்சின் சுழன்றது.

உள்ளே யாரோ சம்மட்டியால் ஒரே ஒரு அடி அடித்த மாதிரி இருந்தது என்றாள் அம்மா. வண்டி அப்படியே நின்றது. தள்ளியவர்கள் ஒருவர்மேல் ஒருவர் சரிந்து விழுந்து சிரித்தார்கள்.

சிதம்பரத்துப் பக்கம் சாலை இன்னும் மோசம் என்றார்கள். அம்மாவை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, நாற்காலியோடு நாலு பேர் தண்ணீரைத் தாண்டி இக்கரைக்குத் தூக்கிவந்து, குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டியின் பின்னால் ஏற்றிக் கடலூருக்கு அனுப்பினார்கள். தார்ப்பாயை மேலே பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். வழியில் நின்ற பஸ்களிலிருந்து எல்லாரும் பார்த்தார்கள்.

நான் வீட்டுக்கு வந்தபோது மாமா நனைந்த வேட்டியோடு வாசலில் நின்றிருந்தார். நான் கேட்பதற்கு முன் அவரே சொன்னார்.

"நீ சொன்ன மாரி சாவியத் தொடவே இல்ல பாப்பா. அது ஆன்லயேதான் இருந்துச்சி. தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணிப் பார்த்தோம்."

சொன்னபடி செய்த ஒருவரின் முகம் அது. நான், "சாப்ட்டீங்களா மாமா?" என்றேன்.

மழை நின்று வண்டி வந்து சேர்ந்ததும் எஞ்சினைக் கழற்றிப் பார்த்தோம். பிஸ்டனைத் தாங்கும் ஒரு கம்பித்தண்டு வாழைக்காய்போல வளைந்து, எஞ்சினின் உடலான பிளாக்கின் பக்கச் சுவரைக் கிழித்திருந்தது. கையை விட்டுப் பார்த்தேன், விரல் வெளியே வந்தது. அந்த மாடலுக்குப் புது பிளாக் கிடைக்காது, பழசு எங்கேயும் இல்லை. விசாரிக்காத ஊர் இல்லை. இன்சூரன்ஸிலிருந்து பார்க்க வந்தவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "தண்ணில நின்ன பெறகு ஸ்டார்ட் பண்ணீங்களா?" மாமா அவரிடமும் அதே நேர்மையோடு சொன்னார். "சாவியத் தொடல சார். தள்ளித்தான் பண்ணோம்." வந்தவர் கிளம்பிவிட்டார். இன்சூரன்ஸ் பணமும் கிடைக்காது என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சாலை திறந்த அன்றே நான் பஸ்ஸில் சிதம்பரம் போனேன். அம்மாவால் வர முடியவில்லை. மழைத் தண்ணீரில் இருந்ததில் முழங்கால்கள் வீங்கி, கட்டிலிலிருந்துகூட எழ முடியாமல் கிடந்தாள். வேன் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாம் என்றேன். "நான் இன்னா மூட்டையா?" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பெரியம்மா பாதங்களைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள்.

"கொஞ்சம் காட்டுங்க பெரியம்மா. பார்த்துட்டுப் போயிடறேன்."

"உங்கம்மா வருவா இல்ல, அவ பார்ப்பா."

"அம்மாவுக்கு முடியல. வண்டியும் இல்ல."

"ரெடி ஆவட்டும், அவசரம் இன்னா? எனக்குத்தான் வலியே இல்லியே."

"அது ரெடி ஆவாது பெரியம்மா. எஞ்சினே ஒடஞ்சிபோச்சு."

"ஜீப்புதான. ஆவும்" என்றாள்.

அண்ணி கதவருகில் நின்றபடி, பயனில்லை என்பதுபோலத் தலையை ஆட்டினாள். நாங்கள் இரண்டு பேர் சேர்ந்து போர்வையை விலக்கியிருக்கலாம். பெரியம்மா போர்வையை எப்படிப் பிடித்திருந்தாள் என்பதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது ஏன் முடியவில்லை என்று புரியும். டாக்டரைக் கூட்டிவந்தோம். காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்தார். அவரிடமும் சளி என்றாள், காலைக் காட்டவில்லை.

பிறகு அறையில் வாடை வர ஆரம்பித்தது. அதற்குமேல் மறைக்க முடியவில்லை. இடது குதிகாலில் தொடங்கியது, எலும்புவரை போயிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

அம்மா அன்று தன்னைத் தூக்கச் சொன்னாள். வேனில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் இறக்கி, சக்கர நாற்காலியில் கட்டிலருகே கொண்டுபோய் விட்டோம். பெரியம்மா விழித்துத்தான் இருந்தாள்.

"வந்துட்டியா? எதுல வந்த?"

"வேன்ல."

"ஜீப்பு இன்னும் ரெடி ஆவலியா?"

அம்மா போர்வையின்மேல் கையை வைத்தாள். கீழே ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்துவிட்டு, நகர்த்தி வைத்தாள். இருபது வருடத்தில் அவர்கள் சண்டை போடாமல் உட்கார்ந்து நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது 2012. கார் எங்கள் வாசலில் நிற்கிறது. எஞ்சினைத் திரும்ப மாட்டவில்லை. இரும்புக் கடைக்காரர் கேட்டார், அம்மா கொடுக்கவில்லை. சாயங்காலம் கதவைத் திறந்து, முதுகைக் காட்டி உட்கார்ந்து, காலை உள்ளே திருப்பிக்கொள்வாள். கட்டிலைத் தவிர அவள் தானாக எழுந்திருக்கக்கூடிய இடம் அது ஒன்றுதான். அங்கிருந்து சிதம்பரத்துக்குப் போன் செய்வாள். மாமா எப்போதாவது வந்து பானெட்டைத் தூக்கிக் காலியாக இருக்கும் உள்பக்கத்தைப் பார்த்துவிட்டு மூடுகிறார். அவர் இப்போது அதைக் கார் என்று சொல்கிறார். வேறு கார் வாங்கும் நிலையில் நான் இல்லை. மறுபடி வேன் வைத்து அழைத்துப் போகலாம் என்று சொன்னபோது, இனி என்னைத் தூக்காதே என்றாள் அம்மா. நான் ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு பஸ்ஸில் போய் வருகிறேன்.

பெரியம்மாவுக்கு வலது கால் இருக்கிறது. அதிலும் உணர்ச்சி இல்லை. அம்மா போனில் தினமும் கேட்கிறாள், "கால யாராவது பார்க்கறாங்களா?" பார்க்கிறார்கள் என்று பெரியம்மா சொல்கிறாள். அண்ணியிடமும் என்னிடமும் அவள் அதைக் காட்டுவதில்லை. இதுவரை யாரும் பார்க்கவில்லை.